முகம் மட்டும் யமன்

திருமலை வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவித்த கிழங்கான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கிழங்கானின் சதை மெத்தென்று இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் எங்கள் பக்கத்தில் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் முள் பொடிமுள். அவருடைய விரல்களோ நங்கூரக் கயிற்றைப் போலத் தடித்தவை. உள்ளங்கை முழுக்க ஐஸ் கொக்கி கிழித்த தழும்பு. அந்த விரல்களால் ஒரு முள் விடாமல் எடுத்து, மீனை ரசம் சோற்றில் போட்டு, சோறா கூழா என்று தெரியாத பதம் வரும்வரை மசித்தார். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

நான் அந்த வீட்டுக்கு அன்றுதான் நர்ஸ் வேலைக்கு வந்திருந்தேன். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சோறு எப்படி உள்ளே இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதனால் அவரையே ஊட்டச் சொன்னேன், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றேன்.

"என்ன பாத்தா அவ வாயத் தொறக்க மாட்டா, சிஸ்டரு" என்றார். "நீங்க போங்க. நான் இங்கியே குந்திக்கிறேன்."

உள்ளே கட்டிலில் கிடந்தவள் அவருடைய மனைவி குணசுந்தரி. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கத்துக் கடைவாயில் சின்னக் கரண்டியால் ஊட்டினேன். விழுங்கினாள். புரை ஏறவில்லை. கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"அவன் போய்ட்டானா?" என்று கேட்டாள்.

வாசலில் திருமலையின் முழங்கை தெரிந்தது. அதைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். பாதிச் சோறு மிச்சமாகிவிட்டது.

கட்டியவனைக் கண்டு வாயை மூடும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அன்று உடம்பு துடைக்கும்போது முதுகு, தொடை, கைமடிப்பு எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன். அடித்த அடையாளம் எதுவும் இல்லை. படுக்கைப்புண்கூட இல்லை. மாதக்கணக்காகப் படுத்திருப்பவளுக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது சாதாரண வேலை அல்ல. சில நாள் முன்புவரை அந்த வேலையைச் செய்தது அந்த மனிதர்தான் என்று மகள் சொன்னாள்.

மகள் வினிதா எம்.கே.பி. நகரில் குடியிருந்தாள். துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. என்னை ஏற்பாடு செய்தவள் அவள்தான். அன்று மாலை பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"நைனா டிவில எமனா நடிச்சாரு, சிஸ்டர். அம்மா இப்ப அவர எமன்னே நெனச்சிகினு கீது."

நான் தேவாலயத்துக்குப் போகிறவள். அந்தக் கதைகளெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு திருமலை சொல்லித்தான் முழுவதும் தெரிந்தது. அவர் சொன்னதை வைத்தே எழுதுகிறேன்.

திருமலை காசிமேட்டுத் துறைமுகத்தில் ஐஸ் தூக்குகிறவர். இளம்வயதில் விசைப்படகில் போனவர், படகுக்காரரோடு ஒரு தகராறு வந்து கரையோடு நின்றுவிட்டார். பெரிய உருவம். பெரிய மீசை. முறைக்காவிட்டாலும் முறைப்பதுபோல் இருக்கும் கண்கள். தொண்ணூற்றொன்பது வாக்கில், ஏதோ கடல் காட்சி எடுப்பதற்காக விடியற்காலையில் துறைமுகத்துக்கு ஒரு கூட்டம் வந்தது. அந்த நேரத்தில் அவர் தோளில் கோணியை விரித்து, ஐஸ் பாரைத் தூக்கிக்கொண்டு அரவை மிஷினை நோக்கி நடந்து வந்தார். ஐஸிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை தலையையும் தோளையும் சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர் அவரை நிற்கச் சொல்லி, அப்படியே திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். பாரம் தோளில் இருக்கும்போது நிற்கச் சொன்னதற்காகத் திருமலை அந்த ஆளைத் திட்டினார். திட்டும்போது அந்த முகம் யமன் வேஷத்துக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

புராணத் தொடர் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். புருஷனின் உயிரைக் கேட்டு யமனுக்குப் பின்னாலேயே நடந்த ஒரு பெண்ணின் கதையை மட்டும் வாரக்கணக்கில் இழுத்தார்கள். திருமலைக்கு உடம்பெல்லாம் கருநீலச் சாயம், தலையில் அட்டைக் கிரீடம், கையில் பாசக்கயிறு. எருமை மட்டும் நிஜம். கடலில் சுறாவைப் பார்த்துப் பயப்படாத தனக்கு அந்த எருமையிடம் பயம் வந்துவிட்டதென்று சொல்லுவார். சாலிகிராமத்து ஸ்டூடியோவில் அந்த எருமையைச் சமாதானப்படுத்தத்தான் பாதி நாள் போனதாம்.

பேச்சுத்தான் பிரச்சினை. முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டால் பட்டணத்தில் தெற்கே இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், அது புதிதல்ல. உதட்டை மட்டும் அசைத்தால் போதும், குரலை வேறொருவர் கொடுப்பார் என்று சொல்லிவிட்டார்கள். குரல் கொடுத்தவரை ஒரு முறை பார்த்திருக்கிறார். மஃப்ளர் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த ஒல்லி மனிதர். "அவரு ஒரு ஐஸ் பாருக்குப் பாதி கூட வரமாட்டாரு, சிஸ்டரு. ஆனா தொண்டையத் தொறந்தா செவுரு அதிரும்." முகம் இவருடையது, குரல் அவருடையது. இரண்டும் சேர்ந்து டிவியில் வந்தபோது குப்பமே வாயைப் பிளந்து பார்த்தது.

குப்பத்தில் முதலில் பெருமைதான். பிறகு கேலி. பக்கத்து வீட்டு மீன்காரி சொக்கம்மாள், "மாமு, எங்க மாமியாருக்கு ஒரு நல்ல நாளா பாத்து சொல்லு, கூடவே நானும் வந்து ஏத்திவுடறேன்" என்று வழிமறித்துக் கேட்பாளாம். படகு தள்ளும் நேரத்தில் எதிரே வராதே என்று பையன்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் எண்ணூருக்கு நேரே ஒரு படகு கவிழ்ந்து ஆள் ஒருவன் போனான். அதற்குப் பிறகும் அதையே சொன்னார்கள், சிரிக்காமல் சொன்னார்கள். உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் போவதை நிறுத்திக்கொண்டார்.

குணசுந்தரிக்கு அந்த வேஷம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. படப்பிடிப்பு முடிந்து வரும் நாளெல்லாம் வாசலிலேயே குடத்தோடு நிற்பாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அவரும் அதை மீறியதில்லை. கடைசி நாள் மட்டும் குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. குடிக்கவே ஒரு குடம்தான் இருந்தது. அவள் கால் மட்டும் கழுவச் சொல்லி உள்ளே விட்டுவிட்டாள். சில மாதம் கழித்து, மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள்.

அன்று குளிக்காமல் வந்ததால்தான் இது வந்தது என்று திருமலை உறுதியாக நம்பினார். ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தலை சுற்றுகிறது என்று அவளே நிறுத்தியதால் வந்தது என்று சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை, செய்ய வேறு வேலை இருந்தது.

விழுந்த புதிதில் அவரை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கையால் சாப்பிட்டாள், அவரை வைதாள், எல்லாம் சரியாகத்தான் நடந்தது. படுத்தே கிடப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று வினிதா டிவியைக் கட்டிலுக்கு நேரே வைத்தாள். அந்தத் தொடரை அப்போது மறுபடியும் தினமும் பகலில் போட்டார்கள். திருமலை வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவரையே டிவியில் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதற்கிடையில் மூளையில் சின்னதாக இன்னொரு அடைப்பு. உடம்பில் புதிதாக எதுவும் விழவில்லை, ஆனால் மனம் குழம்பிவிட்டது. மாலையில் அவர் உள்ளே நுழைந்ததும் அலறினாள். அவர் கிட்டே போய், "நான்தாம்மே, திருமலை" என்றார். அது இன்னும் மோசமாகிவிட்டது. எமன் தன் புருஷனை விழுங்கிவிட்டான், வயிற்றுக்குள்ளிருந்து அவர் குரல் வருகிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் வந்ததும் டிவியை எடுத்து வினிதா வீட்டுக்கு அனுப்பினேன். சுவரில் மாட்டியிருந்த வேஷப் படத்தைக் கழற்றினேன். மீசையை எடுத்துவிடச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் போய் எடுத்துவிட்டு வந்தார். அவ்வளவு வருஷமாக வளர்த்த மீசை, மேலுதடு வெள்ளையாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து குணசுந்தரி, "ஆள அடையாளம் தெரியக்கூடாதுன்னு மாத்திகினு வந்துகிறான்" என்றாள். சட்டையை மாற்றிப் பார்த்தோம், தலையில் துண்டு கட்டிப் பார்த்தோம். பயனில்லை.

பிறகு ஒரு நாள் தற்செயலாக வழி கிடைத்தது. அவர் பின்பக்கச் சந்தில் நின்று, அன்று மத்தி நிறைய விழுந்ததைப் பற்றிச் சொக்கம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு மேலே சின்ன ஜன்னல் உண்டு. குரல் அது வழியாக வந்தது. குணசுந்தரியின் முகம் தளர்ந்தது.

"இன்னாய்யா, வேலைக்குப் போவலியா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

சந்தில் பேச்சு நின்றது. நான் எட்டிப் பார்த்து, பேசுங்கள் என்று சைகை காட்டினேன். "தோ, போய்ட்டுத்தான் வரேன்" என்றார். அவர் பேசப் பேச நான் ஊட்டினேன். கிண்ணம் காலியானது.

அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கினேன். குழம்பியவர்களோடு வாதாடாதே என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடாதே என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்து, முள் எடுத்து, மசித்து, கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருமலை வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நிற்பார். எந்தப் படகில் என்ன மீன், யார் யாரோடு சண்டை, ஐஸ் விலை ஏறியது, எல்லாம் சொல்லுவார். அவள் பதிலுக்குத் திட்டுவாள், கேள்வி கேட்பாள். "உள்ள மட்டும் வந்துடாத" என்று ஒவ்வொரு நாளும் முடிப்பாள். அவரும் சரி என்பார்.

தன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரம் நன்றாகப் போனது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை சாப்பிட மாட்டேன் என்றாள். குரல் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. தண்ணீரை மட்டும் குடித்தாள். வாயில் புண்ணா என்று பார்த்தேன், இல்லை. மலச்சிக்கலா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில் அவளையே கேட்டேன்.

"நோம்பு" என்றாள்.

"எதுக்கு?"

"அவன் போற வரிக்கும் துண்ண மாட்டேன். இவரு பாட்டுக்கு சந்துல நின்னுகினு கதை அளக்கிறாரு. அவன் வாசல்ல குந்திகினு கீறான். இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி இவர இட்டுகினு போய்டுவான், சிஸ்டர். நான்தான கேட்டு நிறுத்தணும். எனுக்கு எந்திரிக்க முடியல. நோம்புதான் இருக்க முடியும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் பயந்தது தனக்காக அல்ல. காவல் இருந்திருக்கிறாள்.

டாக்டரை வரவழைத்தோம். இன்னும் இரண்டு நாளில் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்றார். குழம்பிய நோயாளிக்குக் குழாய் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிடுங்கி எறிவார்கள். பிடுங்காமல் இருக்க, நன்றாக இருக்கும் அந்த ஒரு கையையும் கட்டிலோடு கட்டுவார்கள். இதை வினிதாவிடமும் திருமலையிடமும் மறைக்காமல் சொன்னேன். சொக்கம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். வினிதா அழுதாள்.

"அவ எங்கிட்டதான கேட்டுகினு கீறா" என்றார் திருமலை. "எமன்கிட்ட. நானே உள்ள போய் வுட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தா துண்ணுவா."

வினிதா வேண்டாம் என்றாள். பார்த்த அதிர்ச்சியிலேயே அம்மா போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அது நியாயமான பயம்தான். நான் போய் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மாத்திரை ஒழுங்காகப் போவதால் கட்டுக்குள் இருந்தது. ஆபத்து உண்டு, குழாய் விடுவதிலும் ஆபத்து உண்டு என்று சொன்னேன். திருமலையிடம் தனியாக வேறு இரண்டு விஷயங்களைச் சொன்னேன். ஒன்று, உள்ளே வாயைத் திறக்கக்கூடாது. குரலைக் கேட்டால் விழுங்கிவிட்டான் என்று மறுபடி ஆரம்பிப்பாள்.

"அதான் தெரியுமே. வாயத் தொறக்காம நடிச்சவன்தான நானு" என்றார்.

இரண்டாவது, யமன் போய்விட்டான் என்று அவள் நம்பினால், அதற்குப் பிறகு அந்த முகம் அவள் கண்ணில் படவே கூடாது. ஒரு முறை பட்டாலும் வாக்குத் தவறினான் என்று ஆகிவிடும். பிறகு அவள் எதற்கும் வாய் திறக்க மாட்டாள்.

அவர் புரிந்துகொண்டார். புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும். சொக்கம்மாள் வீட்டுக் கோழி ஒன்று அவர் கால்விரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது, அவர் அசையவில்லை.

"எப்பவுமேவா, சிஸ்டரு?"

அவள் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும், தெளியும் என்று நான் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றேன்.

"அவ துண்ணா போதும்" என்று எழுந்தார்.

மாலை வெயில் வாசல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. நான் குணசுந்தரியை நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருமலை குனிந்து வாசலைக் கடந்து உள்ளே வந்தார். சாயமும் இல்லை, கிரீடமும் இல்லை, மீசையும் இல்லை. பழைய கட்டம் போட்ட சட்டையும் லுங்கியும்தான். அவளுக்கு நாடி வேகமாக ஓடியது. ஆனால் அலறவில்லை.

"வா" என்றாள். "இத்தினி நாளா வாசல்ல குந்திகினு கீறியே, உனுக்கு வேற ஜோலி இல்லியா?"

அவர் அசையாமல் நின்றார்.

"எங்க வூட்டுக்காரு உன்னாட்டம் வேஷங் கட்டினாரு. அத்த வெச்சிகினுதான கோச்சிகின? தெரியும் எனுக்கு. அன்னிக்கே சொன்னேன், சாமி வேஷம் வேணான்னு. கேக்கல. வவுத்துக்காவ பண்ணிட்டாரு. அது வெறும் ஒதட்ட ஆட்னதுதான், வாய்கூட அவுருது இல்ல. ஐஸ் தூக்கற மனுசன். சண்ட போடுவாரு, குடிப்பாரு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் சோத்துல மண்ணு போட்டது கெடியாது."

மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுக்கப் போனேன், கையால் தள்ளிவிட்டாள்.

"என்ன எட்துக்கோ. பாதி ஏற்கெனவே எட்துகின. மீதியும் எட்துக்கோ. அவர வுட்டுடு."

திருமலையின் உதடு பிரிந்தது. பேசிவிடுவார் என்று பயந்து நான் அவரையே பார்த்தேன். பேசவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், கயிறு எதுவும் இல்லை என்பதுபோல. பிறகு அவள் தலைக்கு நேரே கையை உயர்த்தினார். தொடரின் கடைசி வாரத்தில் அப்படித்தான் செய்யச் சொன்னார்களாம். என்னிடம் பிறகு சொன்னார்.

"வுட்டுட்டியா?"

தலையாட்டினார்.

"சத்தியமா?" என்று நல்ல கையை நீட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் சரி என்றேன். அவர் தன் கையை அவள் கைமேல் வைத்தார். வாரக்கணக்கில் அவளைத் தொடாத கை. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா இது, இவ்ளோ சில்லுனு கீது உங் கையி" என்றாள். பிறகு விட்டுவிட்டாள். "போ. வாக்கு குட்த்துட்ட. திரும்பிப் பாக்காம போ."

திரும்பினார். வாசலில் குனிய மறந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். கையைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராகக் கடற்கரைப் பக்கம், அலைத்தடுப்புக் கற்கள்வரை போய்த்தான் நின்றார் என்று சொக்கம்மாள் சொன்னாள்.

குணசுந்தரி ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெயில் மட்டும் இருந்தது.

"பசிக்குது, சிஸ்டர்" என்றாள்.

பட்டினி கிடந்த வயிற்றுக்கு எடுத்தவுடன் நிறையக் கொடுக்கக்கூடாது. கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, கண்ணை மூடி நன்றாகத் தூங்கினாள். வாசலைப் பார்க்காமல் அவள் தூங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது சொக்கம்மாள் வீட்டு வாசலில் திருமலை தன் பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார். இரண்டு லுங்கி, இரண்டு சட்டை, சவரப் பெட்டி, எல்லாம் ஒரு கட்டைப்பையில். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். முள் எடுத்த மீனைக் கிண்ணத்தில் போட்டு மூடி என்னிடம் கொடுத்தார். நான் உள்ளே போய் குணசுந்தரிக்கு முகம் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, புடவை மாற்றி, நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாமே, எந்திரிச்சிட்டியா?" என்றார் திருமலை.

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு சிரிப்புத்தான்.

"அவன் போய்ட்டான்யா. நான் பேசி அனுப்சிட்டேன். இனுமே ஒண்ணும் பயம் இல்ல. உள்ள வா."

நான் கரண்டியில் சோற்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வேலைக்கு நேரமாய்ட்ச்சிமே" என்றார். "வண்டி வந்து நின்னுகினு கீது. நீ துண்ணு."

"சரி, சாய்ங்காலமா வா" என்று அவள் வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். அவர் கட்டைப்பையைத் தூக்கும் சத்தம் கேட்டது. சந்து வழியாகப் போனால் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று, பின்சுவரை ஏறிக் குதித்துப் போனார்.